டீச்சரின் ஆயிரத்து அறுநூறு

எங்கள் ஒழுங்கையில் யார் புதுச் சாமான் வாங்கினாலும் முதலில் பெட்டியைப் பிரிப்பார்கள், பிறகு சாமானைச் சுற்றிக் கூடி நிற்பார்கள். டீச்சர் மட்டும் பெட்டிக்குள் கிடக்கும் தாளை எடுத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிடுவார். தாளை வாசித்து முடிக்கும்வரை சாமான் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். தோஹாவில் இருக்கும் மகள் ஒரு பிரெஷர் குக்கர் அனுப்பியபோது மூன்று நாள் அதன் புத்தகத்தை வாசித்தார். நாலாம் நாள்தான் அடுப்பில் வைத்தார். அன்று அவர் ஆக்கிய மாட்டிறைச்சி வாயில் வைத்ததும் கரைந்தது என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

சாய்ந்தமருதில் வீட்டுக்கு ஒரு டீச்சர் இருப்பார். ஆனாலும் எங்கள் ஒழுங்கையில் டீச்சர் என்றால் அவர் ஒருவர்தான். அவருடைய பெயர் வாக்காளர் அட்டையில் இருந்தது, வேறெங்கும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. கணக்குப் படிப்பித்தார். எனக்கும் படிப்பித்தார். பத்தாம் ஆண்டில் ஒரு பரீட்சை. ஐந்து வினாக்களுக்கு மட்டும் விடை எழுதுக என்று தாளில் இருந்தது. நான் கெட்டித்தனமாக ஆறு எழுதிவிட்டேன். ஆறாவதை அவர் வாசிக்கவே இல்லை. எனக்குச் சரியாக வந்திருந்தது அந்த ஆறாவது மட்டும்தான். அழுதுகொண்டு போய் நின்றபோது, "கணக்குத் தெரியாட்டிப் பரவாயில்ல புள்ள, அறிவுறுத்தல் தெரியாட்டி நான் என்ன செய்ய" என்றார். எனக்கு அப்போது வந்த கோபம் போக நாலைந்து வருடம் பிடித்தது.

ஓய்வுபெற்ற கையோடு அவர் கார் வாங்கினார். ஒழுங்கையில் முதல் புத்தம்புதுக் கார் அது. அதற்கு முன் இங்கே வந்ததெல்லாம் கொழும்பில் யாரோ ஓடி அலுத்த கார்கள்தான். சிறிய கார், சாம்பல் நிறம், சீற்றில் சுற்றிய பொலித்தீன் இன்னும் கழற்றவில்லை. பிள்ளைகள் கண்ணாடியில் முகம் பார்த்தார்கள். என் புருசன் டயரைத் தட்டிப் பார்த்தார். ஆண்கள் ஏன் டயரைத் தட்டுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. டீச்சர் புத்தகத்தோடு உள்ளே போய்விட்டார். அது தடித்த ஆங்கிலப் புத்தகம். ஒரு கிழமை கார் அசையவில்லை.

எட்டாம் நாள், கொப்பித் தாள் ஒன்றில் தமிழில் எழுதி, ஓட்டுபவர் கண்ணுக்கு நேரே ஒட்டியிருந்தார். முதல் ஆயிரத்து அறுநூறு கிலோமீற்றர் முடியும்வரை அறுபதுக்கு மேல் போகக்கூடாது. ஒரே வேகத்தில் நெடுகப் போகக்கூடாது, கூட்டிக் குறைத்து ஓட வேண்டும். பாரம் கூடாது. எஞ்சினை இயங்கவிட்டு நிற்பதும் ஊர்வதும் கூடாது. திடீர் பிரேக் கூடாது. ஆயிரத்து அறுநூறுக்குக் கீழே சிவப்புக் கோடு.

"இதுக்குப் பேரு ரன்னிங் இன்" என்று எனக்கு விளங்கப்படுத்தினார். "புது எஞ்சினுக்குள்ள இரும்பும் இரும்பும் இன்னம் பழகல்ல. கலியாணம் முடிச்ச புதுசு மாதிரி. இப்ப அவசரப்படுத்தினா காலம் முழுக்கச் சத்தம்தான்."

முதல் ஓட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டார். பெருமையோடு ஏறினேன். காரைதீவு தாண்டுவதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். நாற்பது, ஐம்பத்தைந்து, நாற்பத்தைந்து, அறுபது, மீண்டும் நாற்பது. தொட்டிலில் கிடப்பது போல் இருந்தது, ஆட்டுகிறவர் மட்டும் கணக்கு டீச்சர். பின்னால் ஒரு பஸ் ஹோனில் கையை வைத்தபடியே வந்தது. டீச்சர் சிக்னல் போட்டு, ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, பஸ்ஸுக்கு வழி விட்டார். றைவர் ஏதோ ஏசிக்கொண்டு போனார்.

"அவருக்கு ஆயிரத்து அறுநூறு முடிஞ்சிரிக்கும், போகட்டும்" என்றார் டீச்சர். கோபத்தின் ஒரு சொட்டுக்கூட முகத்தில் இல்லை.

பிறகு அது ஊரில் ஒரு வழக்காகிவிட்டது. சந்தியில் ஓட்டோ ஓடுகிறவர்கள் யாராவது முந்திப் போனால், "அவருக்கு முடிஞ்சிரிக்கும் மச்சான்" என்று சிரிப்பார்கள். பாரம் பற்றிய சட்டத்தால் இன்னொரு கதையும் நடந்தது. எங்கள் ஒழுங்கை மூலைவீட்டு ஹாஜியார் நல்ல உடம்புக்காரர். கல்முனைச் சந்தைக்குப் போகிற அவசரத்தில் காரை மறித்து, "டீச்சர், நானும் வாறன்" என்றார். டீச்சர் கண்ணாடியை இறக்கி, மரியாதையாக, "ஹாஜியார், ஒங்கட நிறை எவ்வளவு?" என்று கேட்டார். ஹாஜியார் வாழ்நாளில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. உள்ளே ஏற்கெனவே இரண்டு பெண்கள் இருந்தோம். அவர் ஓட்டோவில் போனார். அதற்குப் பிறகு டீச்சருக்கு ஸலாமே சொல்லவில்லை.

ஆயிரத்து அறுநூறு கிலோமீற்றர் என்பது எங்கள் ஊரில் லேசான காரியமில்லை. கடைக்குப் போனால் அரைக் கிலோமீற்றர், கடற்கரைக்குப் போனால் அதைவிடக் குறைவு. அதனால் டீச்சர் போக இடம் தேடினார். அக்கரைப்பற்றில் கிளினிக் உள்ள கர்ப்பிணிப் பெண்கள், மகளை நிந்தவூரில் கட்டிக்கொடுத்துவிட்டுப் பார்க்க வாகனம் இல்லாத தாய்மார், வீரமுனைக்குத் தயிர் வாங்கப் போகிறவர்கள் என்று எல்லோரையும் இரண்டு இரண்டு பேராக ஏற்றினார். யாரும் நன்றி சொன்னால் ஏற்றுக்கொள்ள மாட்டார். "எனக்குக் கிலோமீற்றர் வேணும், ஒங்களுக்குப் பயணம் வேணும். இதுல என்ன உதவி" என்பார். ஏறியவர்கள் எலுமிச்சங்காயும் கையில் கொண்டு ஏறினார்கள், அந்த ஆட்டத்துக்கு அது தேவைப்பட்டது.

மூன்று மாதத்தில் மீற்றர் தொள்ளாயிரத்து நாற்பதில் நின்றது. அது எனக்கு இவ்வளவு திட்டமாகத் தெரிவதற்குக் காரணம் என் தங்கையின் கலியாணம்.

வாப்பா மவுத்தாகிவிட்டதால் அந்தக் கலியாணம் என் தலையில் இருந்தது. மாப்பிள்ளை சம்மாந்துறை. அவருடைய வாசலிலிருந்து எங்கள் வாசலுக்கு ஒன்பது கிலோமீற்றர். மாப்பிள்ளையை எடுத்துவரக் கார் அனுப்புவது எங்கள் பொறுப்பு. சந்தியிலிருந்து வீடுவரை ஆண்கள் பைத் பாட்டுப் படித்துக்கொண்டு முன்னால் நடக்க, கார் பின்னால் ஊர்ந்து வரும். அந்தக் கார் சரியில்லை என்றால் மாப்பிள்ளை வீட்டார் அன்று ஒன்றும் கேட்க மாட்டார்கள். அடுத்த பத்து வருடத்துக்குச் சாப்பிட உட்காரும்போதெல்லாம் கதைப்பார்கள், தங்கை பரிமாறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். ஆகவே என் புருசனின் கூட்டாளியிடம் நல்லதொரு வெள்ளைக் கார் ஒழுங்கு செய்திருந்தோம். கலியாணத்தன்று பகல் பதினொரு மணிக்கு அவர் தொலைபேசியில் பேசினார். மருதமுனையில் ஒரு லொறி பின்னால் எடுத்ததில் காரின் மூஞ்சி போய்விட்டது. ஆளுக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். கார் மட்டும் மாப்பிள்ளைக்கு முன்னால் காட்டும் நிலையில் இல்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை, ஊரில் வேறு நாலு கலியாணம். என் புருசன் ஒரு மணித்தியாலம் அலைந்து, மீன் ஏற்றும் வான் ஒன்று கிடைக்கும் என்று வந்து சொன்னார். கழுவித் தருவார்களாம். நான் செருப்பு மாட்டிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன்.

டீச்சர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு காருக்குள் ஒட்டிய தாளைப் பார்த்தார்.

"மாப்பிள்ள, தோழன், சிறிய தகப்பன், என்னோட சேத்து நாலு பேர். சந்தியில இருந்து ஒரு மணித்தியாலம் ஊரணும். இது தொள்ளாயிரத்து நாப்பதுல நிக்கிது புள்ள."

"டீச்சர், ஒரு நாள்தானே."

"எஞ்சினுக்கு ஒரு நாள் எண்டு தெரியாதே."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "இரும்புக்கு இரிக்கிற மரியாத என்ட தங்கச்சிக்கு இல்லையா டீச்சர்?" என்று கேட்டுவிட்டேன். அவரை எதிர்த்து நான் கதைத்தது அதுதான் முதல் தடவை. டீச்சர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் முற்றத்தில் நின்றேன். எங்கள் வீட்டில் புரியாணிச் சட்டி இறக்கும் சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது.

வெளியே வந்தபோது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் பிழையா வாசிச்சிட்டன் புள்ள. ஆயிரம்தான். ஆயிரத்து அறுநூறு வேற ஒண்டுக்கு."

சட்டைப் பையிலோ கைப்பையிலோ எப்போதும் வைத்திருக்கும் சிவப்புப் பேனையை எடுத்து, காருக்குள் குனிந்து, தாளில் இருந்த அறுநூறைத் தானே வெட்டினார். முப்பது வருடம் எங்கள் விடைகளை வெட்டிய அதே கோடு. பிழையே விடாத மனிசி பிழை விட்டேன் என்கிறாரே என்று எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்குத் தேவையான பிழை அது, அதனால் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.

"இன்னம் அறுவது இரிக்கி" என்றார். "மாப்பிள்ளய எடுக்கப் போற ஒம்பதும் வெறும் கார்தானே, அதக் கழி. அம்பத்தொண்டு. அஸர் தொழுகைக்கு முன்ன ஓடி முடிக்கலாம். வா, ஏறு."

கலியாண வீட்டுப் பொறுப்பாளி, பகல் ஒரு மணிக்கு, வீட்டை விட்டுவிட்டு எஞ்சின் பழக்கப் போனாள் என்று எங்கள் குடும்பத்தில் இப்போதும் சிரிப்பார்கள். தனியே விட்டால் நேரத்துக்குத் திரும்பமாட்டார் என்ற பயத்தில்தான் ஏறினேன். நிந்தவூர் தாண்டியதும் என் தொலைபேசி அடித்தது, வீட்டிலிருந்து சாச்சி, என் சின்னம்மா. கலியாணச் சாரி வைத்த அலுமாரித் திறப்பு எங்கே என்று கேட்டார். என் இடுப்பில் திறப்புக் கொத்து கிடந்தது. பெண் உடுக்க முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்க, அவளுடைய சாரித் திறப்பு அக்கரைப்பற்றுப் பக்கம் ஐம்பத்தைந்தில் போய்க்கொண்டிருந்தது.

"டீச்சர், திரும்புவமா?"

"அம்பத்தொண்டில பாதி, இருவத்தஞ்சர முடியட்டும்."

முடிந்தது, திரும்பினோம். திரும்பும் வழியில் ஒலுவில் சந்திக்கு அப்பால் வேளாண்மை வெட்டும் மெசின் ஒன்று பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. டீச்சர் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார். மெசின் வயலுக்குள் இறங்கும்வரை பத்து நிமிடம் காத்திருந்தோம். சாச்சி மூன்று தடவை அழைத்தார். நான் நகத்தைக் கடித்தேன். பாதை திறந்ததும், "டீச்சர், கொஞ்சம் கெதியாப் போங்க, எம்பதுல போனா என்ன?" என்று கெஞ்சினேன்.

"அறுவது" என்றார். "இண்டைக்கி ஒரு பிழ விட்டாச்சி. ரெண்டாவது வேணாம்."

வாசித்த பிழையைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மூன்று மணிக்கு வந்து சேர்ந்தோம். பிள்ளைகள் ஓடிவந்து பூவும் ரிப்பனும் கட்டினார்கள். திறப்பைக் கொடுத்துவிட்டுத் தங்கையிடம் வாங்க வேண்டிய ஏச்சை வாங்கிக்கொண்டேன். டீச்சர் காரை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை, தானேதான் ஓட்டினார். நானும் கூடப் போனேன். மாவடிப்பள்ளி தாண்டி, வயல் நடுவே பாதை நீளும் இடத்தில், பூக் கட்டிய கார் ஐம்பத்தைந்து, நாற்பத்தைந்து என்று ஆடி ஆடிப் போனதை நெல் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சம்மாந்துறைக்குள் நுழைந்து மாப்பிள்ளை வாசலில் நிற்கவும் மீற்றரில் ஆயிரம் விழுந்தது. "பாஸ்" என்றார் டீச்சர், மெதுவாக.

மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் றைவர் சீற்றைப் பார்த்தார்கள். சிறிய தகப்பன் தொண்டையைச் செருமினார்.

"பொம்பள ஓட்டுற கார்லயா மாப்பிள்ள போற?"

மீன் வானே மேல் என்று தோன்றியது. அப்போது கோட்டும் தொப்பியுமாக மாப்பிள்ளை வெளியே வந்தார். காருக்குள் பார்த்தார். பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டார். டீச்சர் சம்மாந்துறையில் ஐந்து வருடம் படிப்பித்தது எங்களில் யாருக்கும் நினைவில்லை.

"சாச்சா, ஏறுங்க" என்றார் மாப்பிள்ளை. "ஏறாட்டி டீச்சர் ஏன் எண்டு கேப்பா. எனக்கு இண்டைவரைக்கும் டீச்சர்ட கேள்விக்குப் பதில் வந்ததில்ல."

எல்லோரும் சிரித்தார்கள், சிறிய தகப்பனும் சிரித்தார். "பெல்ட்டப் போடு, கோட்டு மடிப்பப் பாத்துக்க" என்றார் டீச்சர். நான் பின்னால் வந்த ஓட்டோவில் ஏறிக்கொண்டேன்.

சந்தியில் இறங்கி, பைத் படிப்பவர்களுக்குப் பின்னால் காரோடு ஒட்டி நடந்தேன். கார் ஊர்ந்தது, நின்றது, ஊர்ந்தது. வெடி கொளுத்தினார்கள். எங்கள் வாசலில் பெண்கள் குரவை போட்டார்கள். டீச்சரின் உதடு விடாமல் அசைந்துகொண்டிருந்தது. ஸலவாத் ஓதுகிறார் என்று நினைத்தேன். முன்னே ஹாஜியார் கையை வீசிக் கூட்டத்தை விலக்கி, "டீச்சருக்கு வழி விடுங்க, சுணக்காதீங்க, எஞ்சின் சூடாகும்" என்று சத்தம் போட்டார். அன்றோடு அவருடைய கோபமும் தீர்ந்தது.

கலியாணத்துக்குப் பிறகும் டீச்சர் ஆட்களை ஏற்றுவதை விடவில்லை, ஆட்டி ஓட்டுவதையும் விடவில்லை. "ஆயிரம் முடிஞ்சே டீச்சர்" என்று நான் பகிடி பண்ணினால், "பழகிப் போச்சி புள்ள" என்பார். இப்படி இரண்டு மாதம். பிறகு ஒரு நாள், தயிர் வாங்கித் திரும்பும்போது, மீற்றரை ஒரு தடவை பார்த்தார். அப்படியே அக்சிலேற்றரில் காலை அமத்தினார். தொண்ணூறில் போனோம். நான் தயிர்ச் சட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கலிமா சொன்னேன்.

"என்ன டீச்சர் இது?"

"நல்லாப் போகுது என்ன? சத்தமே இல்ல" என்றார். அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் மகளோடு இருக்க தோஹாவுக்குப் போய்விட்டார். போகும்போது காரை வாங்கியது அந்த மாப்பிள்ளைதான், என் தங்கையின் புருசன். இப்போதும் நல்ல கார். சாவி திருப்பினால் எஞ்சின் இயங்குகிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

போன மாதம் மாப்பிள்ளையும் நானும் அக்கரைப்பற்றுக்குப் போனோம். நிந்தவூரில் பொலிஸ் மறித்து இன்சூரன்ஸ் கேட்டது. எனக்கு முன்னால் இருந்த பெட்டியைத் திறந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். அடியில் அந்தப் புத்தகம் கிடந்தது. பொலிஸ் விட்ட பிறகு சும்மா புரட்டினேன். ஒரு பக்கத்தின் மூலை மடித்திருந்தது. ஆங்கிலம் எனக்கு அரைகுறை, இலக்கம் தெரியும். ஆயிரத்து அறுநூறு. அடியில் சிவப்புக் கோடு. பக்கத்து ஓரத்தில் பென்சிலால், அந்த உருண்டைக் கையெழுத்தில், கூட்டல் குறி போட்டு ஒன்பது. கீழே ஆயிரத்து அறுநூற்று ஒன்பது. அதற்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு சரி.

புத்தகம் முழுக்கத் தேடினேன். ஆயிரம் என்று எங்கும் இல்லை.

மாப்பிள்ளையிடம் காட்டினேன். காரை ஓரங்கட்டி நிறுத்திப் பார்த்தார்.

"ஒம்பது எங்கட வீட்ட இருந்து ஒங்கட வீட்டுக்கு" என்றார். மாப்பிள்ளையை ஏற்றி ஊர்ந்து வந்த ஒன்பதைக் கணக்கில் சேர்க்காமல், டீச்சர் அதைத் திரும்ப ஓடியிருக்கிறார். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். என்ன அநியாயம், ஒரு பரீட்சையில் ஆறாவது விடையை வாசிக்காத மனிசியை நான் எத்தனை வருடம் கல் மனசுக்காரி என்று சொல்லித் திரிந்திருக்கிறேன்.

பக்கத்தைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். திரும்பி வரும் வழியில் பதில் வந்தது, குரல் பதிவு. மாப்பிள்ளையும் கேட்கட்டும் என்று சத்தமாகப் போட்டேன். முதலில் ஒரு செருமல், பிறகு அந்த வகுப்பறைக் குரல்.

"அந்த ஒரு பக்கத்தோட நிப்பாட்டிட்டியா புள்ள? மூணு பக்கம் தள்ளி டயருக்குக் காத்தடிக்கிறதப் பத்தி இரிக்கி. அதயும் வாசி. மாப்பிள்ள காத்துப் பாக்கிறானா எண்டு கேளு."

மாப்பிள்ளை காரை நிறுத்தி, இறங்கிப் போய், நாலு டயரையும் தட்டிப் பார்த்தார். பின்பக்கத்து இடது டயரில் காற்றுக் குறைவாகத்தான் இருந்தது.